உட்கரு மூடிய பிறகும் வளரும் வால்

சேலம் அம்மாப்பேட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து இப்போது விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். விந்தணுவின் வால் உருவாகும் காலத்தில் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. இறுகி மூடிக்கொள்கிறது என்று பாடநூல் சொல்கிறதே, மூடிய உட்கருவில் இருக்கும் வால் மரபணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது முதல் கேள்வி. வாலுக்கென்று ஒரு தலைமை மரபணு உண்டா என்பது இரண்டாவது. இதில் எதையாவது கல்லூரி ஆய்வகத்திலேயே கண்ணால் பார்க்க வழி இருக்கிறதா என்பது மூன்றாவது. இந்தப் பாடத்தை இதே ஊரில் நெடுங்காலம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் கேள்விக்கு விடை பிடிபட்டால் மற்ற இரண்டும் தாமாக விளங்கும். அதனால் அதிலேயே அதிகம் நிற்கப் போகிறேன்.

வால் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது வேறு வேறு காலத்தில் கட்டப்படும் பல உறுப்புகளின் தொகுப்பு. நடுவில் ஓடுவது ஆக்சோனீம். ஒன்பது இரட்டை நுண்குழல்கள் வட்டமாக நிற்க, மையத்தில் இரண்டு தனிக்குழல்கள் இருக்கும். இதைத்தான் 9+2 அமைப்பு என்று படிக்கிறோம். இரட்டைக்குழல்களில் ஒட்டியிருக்கும் டைனின் கைகள் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்துப் பக்கத்துக் குழலைத் தள்ளுவதால் வால் வளைகிறது. ஆக்சோனீமைச் சுற்றி ஒன்பது புற அடர்நார்கள், அவற்றின் மேல் நடுப்பகுதியில் சுருளாகச் சுற்றிய மைட்டோகாண்ட்ரியா, அதற்குக் கீழே நெடுந்தூரத்துக்கு நார் உறை. மனித விந்தணுவின் தலை 5 மைக்ரான் நீளம் என்றால் வால் ஏறத்தாழ 50 மைக்ரான். இவ்வளவையும் கட்ட நூற்றுக்கணக்கான புரதங்கள் வேண்டும், அதுவும் வரிசை தவறாமல்.

உங்கள் கேள்வியில் ஒரு சிறு திருத்தம் தேவைப்படுகிறது. வால் முழுவதும் உட்கரு மூடிய பிறகு உருவாவதில்லை. குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பிரிவு முடிந்து உருண்டையாக நிற்கும், விந்தணுவாக மாறவிருக்கும் ஸ்பெர்மாட்டிட் செல்லில், நுண்குழல்களுக்கு அடித்தளமான இரண்டு சென்ட்ரியோல்களில் ஒன்று செல்லின் விளிம்புக்கு நகர்ந்து, உடனேயே ஆக்சோனீமை நீட்டத் தொடங்கிவிடுகிறது. எலியில் இந்த உருமாற்றத்தை 16 படிகளாகப் பிரிப்பார்கள். ஆக்சோனீம் முதல் படிகளிலேயே முளைத்துவிடும். அப்போது உட்கரு திறந்தே இருக்கிறது, மரபணுவை ஆர்.என்.ஏ.யாக நகலெடுக்கும் படியெடுப்பும் மும்முரமாக நடக்கிறது. ஒன்பதாம் படியை ஒட்டித்தான் செல் நீளத் தொடங்கி, டி.என்.ஏ.வைச் சுற்றியிருந்த ஹிஸ்டோன்கள் விலகி, முதலில் இடைநிலைப் புரதங்களும் பிறகு புரோட்டமீன்களும் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. புரோட்டமீன் ஏறிய டி.என்.ஏ. மிக இறுக்கமாக மடங்கிவிடுவதால் படியெடுக்கும் நொதி அதை அணுக முடியாது. ஆக, உட்கருவை ஒரு கடை என்று வைத்துக்கொண்டால், எலும்புக்கூடு போன்ற ஆக்சோனீம் கடை திறந்திருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அடர்நார், நார் உறை, மைட்டோகாண்ட்ரியா உறை ஆகியவற்றின் பெரும்பகுதிதான் கடை மூடிய பிறகு கட்டப்படுகிறது. அடர்நார்கள் தலைப்பக்கமிருந்து நுனியை நோக்கி வளர்வதும், நார் உறை அதற்கு நேர்மாறாக நுனியிலிருந்து தலையை நோக்கிக் கட்டப்படுவதும் நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் நம்ப மறுத்த செய்தி.

இனி, திறந்திருக்கும் காலத்தில் மரபணுக்களை யார் தூண்டுகிறார்கள் என்பதைப் பார்ப்போம். இங்கே உங்கள் இரண்டாவது கேள்வியும் வந்து சேர்கிறது. முதல் அலை குன்றல் பிரிவுக்கு உள்ளேயே, குரோமோசோம்கள் இணை சேர்ந்திருக்கும் பாக்கிடீன் கட்டத்தில் எழுகிறது. ஏ-மிப் என்னும் படியெடுப்புக் காரணி அப்போது பெருந்தொகையான மரபணுக்களைத் தூண்டுகிறது. பின்னால் வேண்டிய பலவும் அப்போதே படியெடுக்கத் தொடங்கிவிடுகின்றன. இரண்டாம் அலை உருண்டை ஸ்பெர்மாட்டிட்டில். இதில் வெகுநாள் புகழோடு இருந்தது கிரெம் என்ற காரணி. 1996இல் ஸ்ட்ராஸ்பூர்கிலும் ஹைடல்பெர்கிலும் இருந்த இரு குழுக்கள் ஒரே சமயத்தில், கிரெம் நீக்கப்பட்ட ஆண் எலிகளில் ஸ்பெர்மாட்டிட்கள் தொடக்கப் படிகளிலேயே நின்று அழிந்துவிடுவதாகக் காட்டின. மற்றச் செல்களில் கிரெம் வேலை செய்யவேண்டுமானால் அதன்மேல் பாஸ்பேட் ஏறவேண்டும். விந்தகத்தில் ஆக்ட் என்ற துணைப்புரதம் வந்து ஒட்டினாலே போதும், பாஸ்பேட் வேண்டியதில்லை. இன்னும் சுவையான செய்தி, அந்த ஆக்ட் புரதத்தை உட்கருவிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போக கே.ஐ.எஃப்.-17பி என்ற இயக்கப்புரதம் இருக்கிறது. துணை வெளியேறியதும் கிரெம் ஓய்ந்துவிடுகிறது. டி.என்.ஏ. இறுகும்வரை காத்திராமல், படியெடுப்பை நிறுத்தும் வேலை இப்படி முன்பே தொடங்கிவிடுகிறது.

ஆனால் கிரெம் ஸ்பெர்மாட்டிட் முழுமைக்கும் பொதுவானது. வாலுக்கே உரியது அன்று. வாலை மட்டும் கருதினால் இரண்டு பெயர்களைச் சொல்வேன்: ஃபாக்ஸ்-ஜே-1, ஆர்.எஃப்.எக்ஸ்-2. செல்லின் மேல் மயிர்போல நின்று அசையும் குறுயிழை எங்கெல்லாம் உண்டோ, அதாவது மூச்சுக்குழாயிலும் கருக்குழாயிலும் மூளை அறைகளின் சுவரிலும், அங்கெல்லாம் ஃபாக்ஸ்-ஜே-1 வேண்டியிருக்கிறது. 2008இல் சிங்கப்பூரில் சுதிப்தோ ராய் குழுவினர் வரிக்குதிரை மீனில் அதை இயல்புக்கு மாறான இடத்தில் தூண்டிவிட்டபோது, அசையும் இழை இருக்கக்கூடாத செல்களிலும் அது முளைத்தது. விந்தணுவின் வாலும் அடிப்படையில் நீண்ட ஓர் அசையும் இழைதான். ஆர்.எஃப்.எக்ஸ்-2 என்பது குறுயிழை மரபணுக்கள் பலவற்றின் முகப்பில் காணப்படும் எக்ஸ்-பெட்டி என்ற எழுத்து வரிசையைப் பற்றிக்கொள்ளும் காரணி. நூற்புழு முதல் மனிதன் வரை இந்தக் குடும்பம் தொடர்கிறது. அதை இழந்த எலிகளில் ஸ்பெர்மாட்டிட்கள் ஏழாம் படிவரை வந்து, நீளத் தொடங்கும் முன் நின்றுவிடுகின்றன, வாலும் வளர்வதில்லை. தலைமை மரபணு ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தேர்வுத்தாள் கட்டாயப்படுத்தினால் நான் ஆர்.எஃப்.எக்ஸ்-2 என்று எழுதுவேன். கட்டாயப்படுத்தாவிட்டால், அப்படி ஒற்றைத் தலைமை இல்லை என்றுதான் எழுதுவேன். ஏனெனில் இந்தக் காரணிகள் படியெடுப்பைத் தொடங்கிவைக்கின்றன. எந்தப் புரதம் எந்த நாளில் உருவாகவேண்டும் என்பதை அவை முடிவு செய்வதில்லை.

இடையில் எக்ஸ் குரோமோசோம் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஆணின் குன்றல் பிரிவில் எக்ஸ், ஒய் இரண்டும் முழு நீளத்துக்கு இணை சேர முடியாததால் தனி அறைபோல ஒதுக்கப்பட்டு வாயடைக்கப்படுகின்றன. அப்போது எக்ஸிலிருக்கும் மரபணு செல்லுக்குத் தேவைப்பட்டால் என்ன செய்வது? சர்க்கரையை உடைக்கும் பி.ஜி.கே.-1 என்ற நொதியின் மரபணு எக்ஸில்தான் இருக்கிறது. இதற்குப் பரிணாமம் கண்ட வழி, அதன் தூதுவ ஆர்.என்.ஏ.யிலிருந்து (புரதம் கட்ட வழிகாட்டும், மரபணுவின் படியிலிருந்து) திரும்பப் படியெடுத்த ஒரு நகலை வேறொரு குரோமோசோமில் செருகி, விந்தகத்துக்கு மட்டுமான பி.ஜி.கே.-2 ஆக்கிக்கொண்டது. தூதுவ ஆர்.என்.ஏ. உருவாகும்போது வெட்டி நீக்கப்படும் துண்டுகளான இன்ட்ரான்கள் அதில் இல்லை என்பதே அது ஆர்.என்.ஏ.யிலிருந்து வந்த நகல் என்பதற்குச் சான்று. எல்லா மரபணுக்களும் இப்படி இடம் மாறவில்லை. நார் உறையின் முதன்மைப் புரதமான ஏகேப்-4இன் மரபணு இன்றும் எக்ஸிலேயே இருக்கிறது. குன்றல் பிரிவு முடிந்த பிறகு அந்த வாயடைப்பைத் தாண்டி உருண்டை ஸ்பெர்மாட்டிட்டில் அது படியெடுக்கப்படுகிறது.

அப்படியானால் ஒய் பெற்ற ஸ்பெர்மாட்டிட்டுக்கு ஏகேப்-4 எங்கிருந்து கிடைக்கும் என்று கேட்கத் தோன்றும், தோன்றவேண்டும். ஒரு தாய்ச்செல்லிலிருந்து வந்த ஸ்பெர்மாட்டிட்கள் முழுவதுமாகப் பிரிவதில்லை. சைட்டோபிளாசப் பாலங்களால் இணைந்தே இருக்கின்றன. 1989இல் எலியில் காட்டப்பட்டபடி, ஒரு செல்லில் உள்ள மரபணுவின் விளைபொருள் பாலம் வழியாக அடுத்த செல்லுக்கும் போய்ச் சேர்கிறது. மரபணு தன்னிடம் இல்லாத ஸ்பெர்மாட்டிட்டும் பங்காளி வீட்டிலிருந்து வாங்கி வாலைக் கட்டிக்கொள்கிறது.

இனி முதல் கேள்வியின் மையம். கடை மூடிய பிறகு கட்டுவதற்கான தூதுவ ஆர்.என்.ஏ.க்கள் அனைத்தும் மூடுவதற்கு முன்பே படியெடுக்கப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன. இதை விளக்க உங்கள் தெருவை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது. ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவை, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் நூலை, நீட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க முடியாது என்பதால், வெயில் இருக்கும்போதே இரண்டு மூன்று பாவுகளைத் தோய்ந்து சுருட்டி வைத்துவிட்டு, மழை நாட்களில் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்வதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். ஸ்பெர்மாட்டிட்டும் வெயில் நேரத்தில் பாவு தோய்ந்து வைத்துக்கொள்கிறது. ஆனால் ஒப்புமை ஓர் இடத்தில் பிசகுகிறது. சுருட்டிய பாவை ஒரு வாரம் முன்னதாக நெய்துவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. செல்லில் முன்னதாக நெய்தால் எல்லாமே கெட்டுப்போகும்.

இதை நேரடியாகக் காட்டிய சோதனை புரோட்டமீனைப் பற்றியது. எலியில் புரோட்டமீன்-1இன் தூதுவ ஆர்.என்.ஏ. உருண்டைச் செல்லில் எழுதப்பட்டு, ஒரு வாரம் வரை மொழிபெயர்க்கப்படாமல், அதாவது புரதமாக்கப்படாமல், காத்திருக்கும். அந்தக் காத்திருப்பை ஆள்வது அதன் மூன்று-பிரைம் முனையில் உள்ள, புரதமாக மாறாத பகுதி. 1995இல் அந்தப் பகுதியை மாற்றிவைத்த மரபணுவை எலிகளில் செருகிப் பார்த்தார்கள். புரோட்டமீன் சில நாட்கள் முந்தி உருவானது, உட்கரு காலத்துக்கு முன் இறுகியது, விந்தணு முதிர்ச்சி நின்றது, எலிகள் மலடாயின. புரோட்டமீன் தவறான புரதம் அன்று, அளவிலும் பெரிய பிழையில்லை, வந்த நாள் மட்டுமே தவறு. உட்கரு முந்தி மூடினால் வாலுக்கு வேண்டிய பாவுகள் தோயப்படாமலே நின்றுவிடும் அல்லவா? புரோட்டமீன் தலையின் புரதம்தான் என்றாலும், வாலின் கதையை அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது என்று நான் கருதுவது இதனால்தான்.

சேமிப்பு எப்படி நடக்கிறது? ஒய்.பி.எக்ஸ்-2 போன்ற ஆர்.என்.ஏ. பற்றும் புரதங்கள் தூதுவ ஆர்.என்.ஏ.யைப் போர்த்தி, புரதம் கட்டும் ரைபோசோம் அதில் ஏறாதபடி துகள்களாகப் பொதித்து வைக்கின்றன. விடுவிப்பு எப்படி என்பது நெடுங்காலம் மங்கலாகவே இருந்தது. 2022இல் ஷாங்காய் ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு அதில் வெளிச்சம் தந்தது. எஃப்.எக்ஸ்.ஆர்.-1 என்ற புரதம் நீளும் ஸ்பெர்மாட்டிட்டில் பெருகி, எண்ணெய்த் திவலைகள் நீரில் திரள்வதுபோலச் சைட்டோபிளாசத்தில் திவலைகளாகத் திரள்கிறது, சேமித்த ஆர்.என்.ஏ.க்களும் மொழிபெயர்ப்புக்கு வேண்டிய கருவிகளும் அந்தத் திவலைகளில் ஒன்றுசேர்ந்து வேலை தொடங்குகிறது. புரதத்தை முழுவதும் நீக்காமல், திவலையாகத் திரளும் திறனை மட்டும் கெடுத்த எலிகளிலும் மொழிபெயர்ப்பு எழவில்லை, ஆண் எலிகள் மலடாகவே இருந்தன. இன்னொரு விந்தை: பிற செல்களில் தூதுவ ஆர்.என்.ஏ.யின் பாலி-ஏ வால் (அதன் நுனியில் வரும் ஏ எழுத்துகளின் தொடர், விந்தணுவின் வால் அன்று) நீளமாக இருந்தால்தான் மொழிபெயர்ப்பு நன்றாக நடக்கும் என்று படித்திருப்பீர்கள். புரோட்டமீன் ஆர்.என்.ஏ. காத்திருக்கும்போது நீண்ட வாலோடும், வேலை செய்யும்போது குறுகிய வாலோடும் இருக்கிறது. பொது விதியை மனப்பாடம் செய்தவர்களை விந்தகம் அடிக்கடி இப்படிச் சங்கடப்படுத்தும்.

புரதம் உருவானதோடும் கட்டுப்பாடு முடிவதில்லை. ஏகேப்-4 முதலில் நீளம் கூடிய முன்னோடிப் புரதமாகத்தான் உருவாகிறது. வாலுக்குள் கொண்டு செல்லப்பட்டு, கட்டுமிடத்தில் அதன் முன்துண்டு வெட்டப்பட்ட பிறகே நார் உறையில் சேர்கிறது. 2002இல் இந்த மரபணுவை நீக்கிப் பார்த்தபோது எலிகளின் விந்தணு எண்ணிக்கை குறையவில்லை; ஆனால் வால் குட்டையாகி, முன்னோக்கி நீந்தும் ஆற்றல் இல்லாமல் போனது. மேலே சொன்ன கிரெம், ஆர்.எஃப்.எக்ஸ்-2 எலிகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். தூண்டும் காரணி போனால் விந்தணுவே வருவதில்லை. கட்டும் பொருளில் ஒன்று போனால் விந்தணு வரும், வால் கோணும்.

பழ ஈ இதே சிக்கலை இன்னும் கடுமையாகத் தீர்த்துக்கொள்கிறது. அதன் விந்தணு 1.8 மில்லிமீட்டர் நீளம். ஈயின் உடலே அதைவிடச் சற்றுத்தான் பெரிது. அங்கே வாலுக்கான மரபணுக்களில் பெரும்பாலானவை குன்றல் பிரிவுக்கு முன்பே படியெடுக்கப்பட்டுவிடுகின்றன. அவற்றுள் ஒய் குரோமோசோமில் உள்ள கே.எல்.-3 என்ற டைனின் மரபணுவில் புரதத்துக்கான எழுத்துகள் ஏறத்தாழ 14,000 மட்டுமே. இன்ட்ரான்களோடு சேர்த்தால் 40 லட்சத்தைத் தாண்டுகிறது. அதை ஒருமுறை படித்து முடிக்கவே நாட்கள் ஆகும். இவ்வளவு நீள மரபணுவை ஏன் வைத்திருக்கவேண்டும் என்பதில் பல கருத்துகள் உண்டு. நமக்கு இங்கே அது தேவையில்லை.

மனிதருக்கு வருவோம். 1976இல் ஸ்வீடனின் பியோர்ன் ஆஃப்செலியஸ், விந்தணு அசையாத ஆண்கள் சிலரின் வாலில் டைனின் கைகள் இல்லை என்று மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். அவர்களுக்கு நாள்பட்ட சளித் தொல்லையும், சிலருக்கு இதயம் வலப்பக்கம் இருப்பதும் கூடவே இருந்தன. மூச்சுக்குழாய் இழையும் விந்தணு வாலும் பல மரபணுக்களைப் பகிர்ந்துகொள்வதே காரணம். இதற்கு மாறாக, மூச்சில் எந்தக் குறையும் இல்லாமல், வால் மட்டும் குட்டையாகவோ சுருண்டோ தடித்தோ இல்லாமலோ இருக்கும் ஆண்களும் உண்டு. அத்தகையவர்களில் டி.என்.ஏ.ஹெச்.-1 என்ற டைனின் மரபணுவின் பிழையை 2014இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் கண்டனர், அதன்பின் சி.எஃப்.ஏ.பி.-43, சி.எஃப்.ஏ.பி.-44 எனப் பட்டியல் நீண்டுகொண்டே வருகிறது. இவற்றுள் பெரும்பாலானவற்றில் தாய் வழி, தந்தை வழி இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் குறை வெளிப்படும். உறவுத் திருமணம் வழக்கமாக உள்ள நம் பக்கத்தில் இது கவனிக்கவேண்டிய செய்தி.

நகரத்து ஆய்வகமொன்றில் பணிபுரியும் என் பழைய மாணவி ஒருவர், விந்துப் பரிசோதனை முடிவில் வால் குறை என்று ஒரு வரி கண்டாலே, வந்தவர்கள் மரபணுக் கோளாறு என்று இடிந்துபோவதாகச் சொல்வார். அது தவறு. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் இயல்பான வடிவம் கொண்டவை 4 விழுக்காடு இருந்தாலே குறைந்தபட்ச எல்லைக்குள் வந்துவிடும். அதாவது நலமான ஆணிடமும் பெரும்பான்மை விந்தணுக்கள் ஏதோ ஒரு கோணலோடுதான் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லா விந்தணுவிலும் வால் ஒரே வகையாகப் பழுதுபட்டிருந்தால்தான் மரபணுவை நினைக்கவேண்டும். தவிரவும், ஒரு விந்தணு உருவாகி வெளிவர 64 முதல் 74 நாட்கள் ஆவதால், இன்று காணும் வால் இரண்டு மாதத்துக்கு முந்தைய காய்ச்சலின் தடயமாகவும் இருக்கலாம். மருத்துவர் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வது அலைக்கழிப்பதற்காக அன்று.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எலியையும் ஈயையும் விட எளிதாக, சேமித்த ஆர்.என்.ஏ.யைக் கொண்டே வால் கட்டப்படுவதைக் காட்டும் உயிர் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அது ஒரு தாவரம்: நீராரை. நான்கு சிற்றிலைகளோடு வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் படர்ந்து, ஆரைக்கீரை என்று கூடையில் விற்பனைக்கும் வருமே, அதேதான். அது பெரணி வகையைச் சேர்ந்தது என்பதால் நீந்தும் விந்தணு அதற்கு உண்டு. இதன் அமெரிக்க உறவான மார்சிலியா வெஸ்டிட்டாவில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் வோல்னியாக் பல்லாண்டு ஆராய்ந்தார். விந்தணு தரும் உலர்ந்த நுண்வித்து நீரில் நனைந்ததும் 20 டிகிரி வெப்பத்தில் 11 மணி நேரத்தில் ஒன்பது பிரிவுகள் நடந்து 32 விந்தணுக்கள் உருவாகின்றன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 140 இழைகள். படியெடுப்பைத் தடுக்கும் நச்சைச் சேர்த்தாலும் வேலை நடக்கிறது. மொழிபெயர்ப்பைத் தடுத்தால் நின்றுவிடுகிறது. வேண்டிய ஆர்.என்.ஏ. எல்லாம் உலர்ந்த வித்துக்குள்ளேயே சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அவற்றுள் சில, இன்ட்ரான் வெட்டப்படாமல் வைக்கப்பட்டு, உரிய நேரத்தில் வெட்டப்பட்ட பிறகே மொழிபெயர்ப்புக்குத் தகுதி பெறுகின்றன என்று 2013இல் காட்டினார்கள். வாலுக்கு அடித்தளமான சென்ட்ரினின் ஆர்.என்.ஏ.யை மட்டும் அழித்தபோது இழைகள் முளைக்கவே இல்லை.

நான் செய்த முறையைச் சொல்கிறேன். கன்னங்குறிச்சி மூக்கனேரியில் தண்ணீர் வற்றும் காலத்தில் கரைச் சேற்றில் நீராரையின் தண்டடியில் மிளகைவிடச் சற்றுப் பெரிய, கறுத்துக் கெட்டியான வித்துக்கனிகள் இருக்கும். காய்ந்தவற்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள், காகிதப் பையில் போட்டு வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஒன்றின் ஓரத்தைச் சவர அலகால் லேசாகக் கீறி, பெட்ரித் தட்டில் வடித்த நீரில் போடுங்கள். அரை மணி நேரத்துக்குள் ஓடு விரிந்து, கண்ணாடிபோன்ற கொழகொழப்பான நாடா ஒன்று புழுவைப்போல வெளியே நீளும். அதில் வித்துப் பொதிகள் இரு வரிசையாக ஒட்டியிருக்கும். வெள்ளைப் புள்ளிகளாகக் கண்ணுக்குத் தெரிபவை முட்டை தரும் பெருவித்துகள். தூசுபோல இருப்பவை நுண்வித்துகள், நமக்கு வேண்டியவை அவைதான். முதல் முறை நான் மாலையில் கீறிவைத்துவிட்டுக் காலையில் போய்ப் பார்த்தேன். வெறும் ஓடுகள்தான் மிஞ்சியிருந்தன. சேலத்து வெப்பத்தில் 11 மணி நேரக் கணக்கு செல்லாது. அதனால் விடியற்காலையில் கீறி, மூன்றாம் மணி நேரத்திலிருந்து அரை மணிக்கு ஒருமுறை ஒரு துளியை எடுத்துப் பாருங்கள். நச்சுகளைச் சேர்க்கும் சோதனை வேண்டாம். மாணவர் கையில் கொடுக்கும் பொருள்களல்ல அவை. 400 மடங்கு பெரிதாக்கி, ஒளியைக் குறைத்து வைத்தால், திருகாணிபோலச் சுழன்றுகொண்டு பெருவித்தைச் சுற்றியுள்ள கூழ்மத்தை நோக்கி நீந்துபவை தெரியும். இழைகளைத் தனித்தனியாகப் பார்க்கவேண்டுமானால் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விடுங்கள். அசைவு நின்றுவிடும், எனவே நீந்துவதைப் பார்த்து முடித்த பிறகு விடுங்கள்.